கான்டன் புகழ் மண்டபத்தின் தேர்வுக் குழுவினருக்கு: ஆட்டத்தை மாற்றிய அணிகளுக்கும் ஓர் இடம் வேண்டும்

ஒஹாயோ மாநிலம் கான்டன் நகரில் இயங்கும் தொழில்முறைக் கால்பந்துப் புகழ் மண்டபத்தின் தேர்வுக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மொழியில் கால்பந்து என்றால் காலால் உதைத்து ஆடும் ஆட்டம்தான். நீங்கள் போற்றும் ஆட்டத்தைச் சொல்வதற்கு முன்னால் ‘அமெரிக்க’ என்று சேர்த்தாக வேண்டும்; சேர்த்த பிறகும், பெரும்பாலும் கையிலேயே இருக்கும் பந்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்காதவர்கள் குறைவு. ஆயினும் அந்த ஆட்டத்தை விடாமல் பார்ப்பவர்களும் அதன் பழைய கதைகளைத் தேடிப் படிப்பவர்களும் தமிழர்களிடையே உண்டு. அவர்களில் ஒருவனாக, உங்களிடம் ஒரு கோரிக்கையை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

1963இல் திறக்கப்பட்ட நாள் முதல் உங்கள் மண்டபம் தனிமனிதர்களுக்கே வெண்கலச் சிலை வைத்து வருகிறது. ஆட்டக்காரர், பயிற்சியாளர், உரிமையாளர், நிர்வாகி என எவராயினும் ஒரு முகம், ஒரு பெயர், ஒரு பீடம். ஆனால் இந்த ஆட்டம் மாறிய ஒவ்வொரு முறையும் அதை மாற்றியது ஒரு முகமன்று, ஓர் அணி. ஆகவே அணிகளையும் தேர்ந்தெடுக்க ஒரு தனிப் பிரிவு தொடங்க வேண்டும் என்றும், அப்பிரிவுக்குக் கோப்பைகளின் எண்ணிக்கை அளவுகோலாகக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்த அணி ஆடிய பிறகு மற்ற அணிகள் எதை மாற்றிக்கொள்ள நேர்ந்தது என்ற ஒரே கேள்வி போதும். இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் நாம் வழக்கமாகச் சொல்லும் பெயர்களில் சில விழுந்துவிடும். யாரும் சொல்லாத சில பெயர்கள் எழுந்து வரும்.

உங்கள் மாநிலத்திலேயே, ஒஹாயோ ஆற்றங்கரையில் போர்ட்ஸ்மவுத் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அவ்வூரின் ஸ்பார்டன்ஸ் அணி 1930 முதல் 1933 வரை நான்கே பருவங்கள் என்.எஃப்.எல். என்ற தேசியத் தொழில்முறை லீக்கில் ஆடியது. 1932இல் அந்த அணியும் சிகாகோ பேர்ஸ் அணியும் தலா ஆறு வெற்றி, ஒரு தோல்வியுடன் சமமாக நின்றன. சமனில் முடிந்த ஆட்டங்களைக் கணக்கில் சேர்க்காத காலம் அது. முதலிடம் யாருக்கு என்று தீர்க்க டிசம்பர் 18 அன்று ஓர் ஆட்டம் வைத்தார்கள். கடும் குளிரும் பனியுமாக இருந்ததால் ஆட்டத்தைச் சிகாகோ ஸ்டேடியம் என்ற உள்ளரங்குக்கு மாற்றினார்கள். அங்கே சில நாட்களுக்கு முன் நடந்த சர்க்கஸுக்காகக் கொட்டிய மண் அப்படியே கிடந்தது. களத்தின் நீளம் 80 யார்டு மட்டுமே. ஓரத்தில் கோட்டுக்குப் பதிலாகச் சுவர். சுவரை ஒட்டி ஆட்டக்காரர் விழுந்தால் அடுத்த முயற்சியை அந்த இடத்தில் தொடங்க முடியாது என்பதால், பந்தை உள்ளே தள்ளி வைக்க ஒரு தற்காலிக விதி செய்தார்கள். கோல் கம்பத்தைக் கோல் கோட்டின் மேலேயே நட்டார்கள். கடைசிக் கால் பகுதியில் பேர்ஸின் பிராங்கோ நகர்ஸ்கி கோட்டை நோக்கிப் பாய்வதுபோல் போக்குக் காட்டிப் பின்வாங்கி ரெட் கிரேஞ்சுக்குப் பந்தை எறிந்தார். அது டச்டவுன் ஆயிற்று, அதாவது பந்து எதிரணியின் கோல் கோட்டைக் கடந்து புள்ளிகள் கிடைத்தன. பந்தை முன்னோக்கி எறிபவர், முயற்சி தொடங்கும் கோட்டுக்கு ஐந்து யார்டு பின்னால் நிற்க வேண்டும் என்பது அன்றைய விதி. அவர் அவ்வளவு தொலைவில் இல்லை என்று ஸ்பார்டன்ஸ் வாதாடினார்கள், வாதம் எடுபடவில்லை. ஆட்டம் 9-0 என முடிந்தது. அந்தத் தோல்வியும் பருவக் கணக்கில் சேர்ந்ததால், முதலிடத்துக்குப் போட்டியிட்ட போர்ட்ஸ்மவுத் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது!

அடுத்த பருவத்துக்கான விதிகளைப் பாருங்கள். முயற்சி தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்து வேண்டுமானாலும் பந்தை எறியலாம். ஓரங்களிலிருந்து பந்தை உள்ளே கொண்டுவந்து தொடங்கலாம். கோல் கம்பம் கோல் கோட்டுக்கு வரும். லீக் இரண்டு பிரிவுகளாகி, ஆண்டுதோறும் ஓர் இறுதியாட்டம் நடக்கும். இன்று உலகமே பார்க்கும் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தின் தொடக்கத்தைத் தேடிப் போனால், மிருகங்களின் நெடி போகாத அந்தச் சர்க்கஸ் மண்ணில்தான் போய் நிற்போம். வென்ற அணியின் பெயர்கள் உங்கள் மண்டபத்தில் போதுமான அளவு இருக்கின்றன. தோற்ற அணி 1934இல் ஊரை விட்டே போய் டெட்ராய்ட் லயன்ஸ் ஆகிவிட்டது.

1940ஆம் ஆண்டின் பேர்ஸ் அணியைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. மூன்று வாரங்களுக்கு முன் 7-3 எனத் தங்களைத் தோற்கடித்த வாஷிங்டன் அணியை, டிசம்பர் 8 அன்று இறுதியாட்டத்தில் 73-0 என்ற கணக்கில் நொறுக்கினார்கள். பத்து வெவ்வேறு ஆட்டக்காரர்கள் டச்டவுன் எடுத்தார்கள். உதைத்த பந்துகள் கூட்டத்துக்குள் போய்க்கொண்டே இருந்ததால் பந்துக்குப் பஞ்சம் வந்து, இனி உதைக்க வேண்டாம் என்று நடுவர்களே கேட்டுக்கொண்ட ஆட்டம் அது. தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக், பந்தைப் பின்னுக்குக் கொடுக்கும் சென்டரின் நேர் பின்னால் நின்று பந்தைக் கையிலிருந்து கையாக வாங்கும் ‘டி’ அமைப்பு அதற்கு முன்பும் இருந்ததுதான். அதனுடன் ஓர் ஆட்டக்காரரைக் குறுக்கே நகரவிட்டுத் தடுப்பாளர்களின் கண்ணைத் திருப்பும் உத்தியைச் சேர்த்தது பயிற்சியாளர்களான ஜார்ஜ் ஹாலஸும் கிளார்க் ஷானசியும் செய்த வேலை. அதைக் குவாட்டர்பேக் ஸிட் லக்மன் களத்தில் செய்து காட்டினார். பத்தாண்டுகளில் ஏறத்தாழ எல்லா அணிகளும் பழைய ஒற்றைச் சிறகு அமைப்பைக் கைவிட்டன. கடைசிவரை பிடிவாதமாக நின்ற பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் 1952இல் மாறியது. நான் வைக்கும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

ஆனால் ஓர் அணியை மட்டுமே ஏற்போம் என்று நீங்கள் சொன்னால், நான் பேர்ஸைச் சொல்ல மாட்டேன். 1946 முதல் 1955 வரையிலான கிளீவ்லாந்து பிரவுன்ஸைச் சொல்வேன். பத்துப் பருவங்கள், பத்து இறுதியாட்டங்கள், ஏழு பட்டங்கள். அவற்றில் முதல் நான்கு ஏ.ஏ.எஃப்.சி. என்ற போட்டி லீக்கில் கிடைத்தவை என்பதால் அக்காலத்தில் பலர் அவற்றை மதிக்கவில்லை. 1950இல் அந்த லீக் கலைந்து பிரவுன்ஸ் என்.எஃப்.எல்.லுக்கு வந்தபோது, முதல் ஆட்டமே இரு முறை தொடர்ந்து பட்டம் வென்றிருந்த பிலடெல்ஃபியா ஈகிள்ஸுடன் வைக்கப்பட்டது. செப்டம்பர் 16 அன்று 71,237 பேர் பார்த்திருக்க, வந்தவர்கள் 35-10 என வென்றார்கள்.

பயிற்சியாளர் பால் பிரவுன் தம் அணியை நடத்திய முறைதான் இங்கே முக்கியம். ஆட்டக்காரர்களை வகுப்பறையில் உட்கார வைத்தார், பாடக் குறிப்பேடு கொடுத்து எழுதச் சொன்னார், தேர்வு வைத்தார். ஆட்டப் படச்சுருளை ஓடவிட்டு ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டார். பண்ட் செய்த, அதாவது எதிரணியின் பக்கம் உதைத்துவிட்ட, பந்தைத் துரத்தி ஓட வேண்டிய தொலைவு ஏறத்தாழ 40 யார்டு என்பதால், அந்தத் தொலைவுக்கு நேரம் குறித்தார். இன்றும் கல்லூரி இளைஞன் ஒருவனின் வாழ்க்கை அந்த 40 யார்டில் நொடியின் பத்தில் ஒரு பங்கு கூடுவதிலும் குறைவதிலும் ஊசலாடுகிறது. அடுத்த முயற்சியில் எந்த உத்தியை ஆடுவது என்ற முடிவைக் குவாட்டர்பேக்கிடமிருந்து எடுத்துக்கொண்டு, சென்டரின் பக்கத்தில் நிற்கும் கார்டுகள் இருவரை மாற்றி மாற்றி உள்ளே அனுப்பிச் சேதி சொல்லவைத்தார். அந்தத் தூதர்களில் ஒருவரான சக் நோல் பிற்பாடு ஸ்டீலர்ஸுக்கு நான்கு சூப்பர் பவுல்களை வென்று கொடுத்தார். 1956இல் பிரவுன் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஒரு வானொலிக் கருவியை வைத்துப் பார்த்தார். லீக்கின் ஆணையர் பெர்ட் பெல் அதைத் தடை செய்தார். 1994இல் லீக்கே அதை அனுமதித்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள்!

இதே அணிதான் 1946இல் கறுப்பினத்தவரான மேரியன் மாட்லியையும் பில் வில்லிஸையும் சேர்த்தது. 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.லில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட ஆடியதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸும் அதே ஆண்டில் கென்னி வாஷிங்டனையும் வுடி ஸ்ட்ரோடையும் எடுத்தது. ஆனால் பொதுப்பணத்தில் கட்டிய அரங்கைப் பயன்படுத்த வேண்டுமானால் அப்படிச் செய்தாக வேண்டும் என்ற நெருக்குதல் அங்கே இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பிரவுன்ஸ் மயாமிக்குப் போனபோது மாட்லியும் வில்லிஸும் கிளீவ்லாந்திலேயே விடப்பட்டார்கள். ஃபுளோரிடாவின் சட்டமும் வந்த மிரட்டல் கடிதங்களும் காரணம். இந்த மாட்லி உங்கள் கான்டன் நகரில் வளர்ந்தவர். பள்ளி நாட்களில், பக்கத்து ஊரான மாசிலனில் பால் பிரவுன் பயிற்றுவித்த அணிக்கு எதிராக ஆடித் தோற்றவர். அவருக்கு 1968இல் சிலை வைத்துவிட்டீர்கள். பிரவுனுக்கு அதற்கு முந்தைய ஆண்டே வைத்தீர்கள். இரண்டும் முறையானவையே. ஆனால் இருவரையும் ஒரே உடைமாற்றும் அறையில் நிறுத்திய அந்த அணிக்கு உங்களிடம் இடமில்லை.

பிரவுன்ஸின் செல்வாக்கு அதன் எதிரிகளிடமும் தெரியும். 1950இல் அவர்கள் இரண்டு ஆட்டங்களில்தான் தோற்றார்கள். இரண்டும் நியூயார்க் ஜயன்ட்ஸிடம். பிரவுன்ஸின் எறிதலை அடக்க ஜயன்ட்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் ஓவன் வகுத்த ‘குடை’ என்ற தடுப்பு அமைப்பில் பின்னால் நின்று ஆடியவர்களில் ஒருவர் டாம் லாண்ட்ரி. அதே சிந்தனையை அவர் வளர்த்தெடுத்துத்தான், முன்வரிசையில் நால்வரும் அவர்களுக்குப் பின்னால் மூவரும் நிற்கும் 4-3 தடுப்பு நிலைபெற்றது. ஓர் அணியை நிறுத்த வேறொன்றைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

பயிற்சியாளர் ஸிட் கில்மனின் 1960களின் சான் டியகோ சார்ஜர்ஸையும் பட்டியலில் வைக்கிறேன், சற்றுத் தயக்கத்துடன். களத்தின் அகலம் முழுவதையும் நீளம் முழுவதையும் எறிதலுக்குப் பயன்படுத்த வேண்டும், பந்து போய்ச் சேரும் நொடியும் ஆள் போய்ச் சேரும் நொடியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கணக்கை வகுத்தவர் கில்மன். அதே ஊரில் கல்லூரி அணியை நடத்திய டான் கோரியல் அவருடைய பயிற்சிகளைப் பார்த்துப் பழகி, பின்னாளில் அதே சார்ஜர்ஸுக்கு வந்து, 1978 முதல் 1983 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து லீக்கிலேயே அதிக யார்டு எறிந்த அணியாக அதை ஆக்கினார். ஒருமுறைகூட சூப்பர் பவுலுக்குப் போகவில்லை. அதனால்தானோ என்னவோ, அவர் பெயர் உங்கள் வாசலில் 2023 வரை காத்திருந்தது. என் தயக்கத்துக்குக் காரணம் வேறு: 1963இல் உடற்பயிற்சிக்கென்றே ஒருவரை நியமித்த அதே சார்ஜர்ஸ் முகாமில்தான் ஆட்டக்காரர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரைகளும் கொடுக்கப்பட்டன. இதுவும் மற்றவர்கள் பின்பற்றிய வழிதான். அணியை ஏற்றால் பலகையில் இந்த வரியும் இருக்க வேண்டும்.

இனி, பலர் நகைக்கக்கூடிய ஒரு பெயர்: 1970ஆம் ஆண்டின் சின்சினாட்டி பெங்கால்ஸ். நீண்ட எறிதலில் வல்லவரான கிரெக் குக்கின் தோள் காயத்தால் கெட்டுப்போக, வலுவான கையில்லாத வர்ஜில் கார்ட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி துணைப் பயிற்சியாளர் பில் வால்ஷ் முன் நின்றது. சிறு சிறு எறிதல்களைப் பக்கவாட்டில் பரப்பி, ஓட்டத்துக்குப் பதிலாக எறிதலையே பயன்படுத்தும் முறையை அவர் அமைத்தார். முதல் ஏழு ஆட்டங்களில் ஆறில் தோற்ற அணி, மீதி ஏழையும் வென்று பிரிவில் முதலிடம் பிடித்தது. இந்த முறையைத்தான் வால்ஷ் சான் பிரான்சிஸ்கோ 49ர்ஸுக்கு எடுத்துச் சென்றார்; உலகம் அதை ‘மேற்குக் கடற்கரை’ முறை என்றது. பிறந்ததோ ஒஹாயோ ஆற்றங்கரையில், பால் பிரவுனே தலைமை தாங்கிய அணியில். வால்ஷின் 49ர்ஸ் வென்ற மூன்று சூப்பர் பவுல்களில் இரண்டில் தோற்றது பெங்கால்ஸ் என்பது விதியின் விளையாட்டு.

1972இன் மயாமி டால்ஃபின்ஸை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 17 ஆட்டங்களில் 17 வெற்றி என்ற சாதனை இன்றும் அசையாமல் நிற்கிறது. ஆனால் அதைப் பார்த்து வேறு அணி எதையும் மாற்றிக்கொண்டதாகச் சொல்ல முடியாது. பயிற்சியாளர் லொம்பார்டியின் கிரீன் பே பாக்கர்ஸ் மீதும் எனக்கு மரியாதை உண்டு. சூப்பர் பவுல் கோப்பையே அவர் பெயரில் இருக்கும்போது கூடுதல் பலகை அவர்களுக்கு அவசரமில்லை. 1970களின் ஸ்டீலர்ஸ் விவாதத்துக்குரியது: 1978இல் ஐந்து யார்டுக்கு அப்பால் எறிதலைப் பிடிப்பவரைத் தொடக்கூடாது என்று விதியை இறுக்கியதற்கு அவ்வணியின் தடுப்பாளர் மெல் பிளவுண்ட் ஆடிய விதமே காரணம் என்று அந்த விதிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதை உங்கள் வாதத்துக்கு விட்டுவிடுகிறேன்.

இது முன்னுதாரணம் இல்லாத கோரிக்கையன்று. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள கூடைப்பந்துப் புகழ் மண்டபம் 1959 முதலே அணிகளை ஏற்று வருகிறது. 1963இல், நீங்கள் கதவு திறந்த அதே ஆண்டில், கறுப்பினத்தவர் மட்டுமே ஆடிய நியூயார்க் ரெனசான்ஸ் அணியை அது ஏற்றது.

ஆண்டுக்கு ஓர் அணி போதும். ஆடி முடித்து இருபத்தைந்து ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் மற்றவர்கள் எதைக் கடன் வாங்கினார்கள் என்பது தெரியும். சிலை வேண்டாம், அந்தப் பருவத்தில் சீருடை அணிந்த ஒவ்வொருவரின் பெயரும் பொறித்த ஒரு வெண்கலப் பலகை வேண்டும், சேதி கொண்டு ஓடிய கார்டுகள் உட்பட. முதல் ஆண்டில் பிரவுன்ஸுக்கு வாக்களிப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். இரண்டாம் ஆண்டில் போர்ட்ஸ்மவுத்தை எண்ணிப் பாருங்கள். உங்கள் மண்டபத்திலிருந்து காரில் சில மணி நேரத் தொலைவுதான்.

இப்படிக்கு,
இவ்வாட்டத்தின் தமிழ் ரசிகர்களில் ஒருவன்