குழு நோட்டில் எழுதாத செலவு: ராமநாதபுரம் கரையோர மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையில் குழு நடத்தும் தலைவிகளுக்கும் ஊக்குநர்களுக்கும், மாதம் தவறாமல் சந்தா கட்டும் அக்காமார், லாத்தாமார், மதினிமார், தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

பதினோரு ஆண்டுகளாக எங்கள் குழுவின் நோட்டை நான்தான் எழுதுகிறேன். வலை வாங்க எடுத்த கடன், மகன் படிப்புக்கு எடுத்த கடன், மகளுக்குச் சடங்கு வைக்க எடுத்த கடன் என்று எல்லாம் அதில் இருக்கிறது. மாதாமாதம் எல்லா வீட்டிலும் ஆகும் ஒரு செலவு மட்டும் ஒரு வரியாகக்கூட ஏறியதில்லை. போன மாதக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் சந்தா கொண்டுவரவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இரண்டு பிள்ளைகளுக்கும் நாப்கின் வாங்கினேன் அக்கா. எனக்குப் பழைய சேலைதான். அப்படியும் சந்தாப் பணம் போய்விட்டது." அவர் குரலைத் தாழ்த்தியது எனக்கு வலித்தது. கடன் கேட்கும்போதுகூட அவர் அப்படிப் பேசியதில்லை.

அன்று இரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். மாதவிடாய் பதின்மூன்று வயதில் தொடங்கி நாற்பத்தெட்டில் நிற்கிறது என்று வைத்தால் 35 ஆண்டுகள், 420 மாதங்கள். இரண்டு பிள்ளைப்பேற்றுக்கும் பால் கொடுத்த காலத்துக்கும் 40 மாதங்களைக் கழித்தால் 380. முதல் மூன்று நாள் நாளுக்கு நான்கு, அடுத்த இரண்டு நாள் இரண்டிரண்டு என்றால் மாதத்துக்கு 16 நாப்கின்கள். எங்கள் ஊர்க் கடையில் ஒன்று ஏறக்குறைய 6 ரூபாய். ஆக மாதம் 96 ரூபாய். 380 மாதங்களுக்கு 36,480 ரூபாய். விலை ஏறவே ஏறாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. எங்கள் குழுவில் இதுவரை யாரும் எடுத்த உள்கடன் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. தாயும் இரண்டு மகள்களும் உள்ள வீட்டில் மாதம் 288 ரூபாய் ஆகும். அரசு தரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயில் கால் பங்குக்கு மேல் இதற்கே போய்விடுகிறது.

இதுவும் பாதிக் கணக்குதான். மீதி கடலில் இருக்கிறது.

என் அம்மா தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போனவர். கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலில் கட்டிய தகரத் தட்டு, இடுப்பில் வலைப்பை. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பாறையில் இருக்கின்றன. பாறையை எட்டுவதற்கு நீர் வற்ற வேண்டும். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆக மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் வேலை. அந்தப் பன்னிரண்டுக்குள் மாதவிடாய் வந்துவிட்டால்? நாப்கின் கடலில் உதவாது. தண்ணீரில் இறங்கியதும் கடல்நீரைக் குடித்து உப்பிவிடும். அம்மா பழைய சேலையை மூன்று மடிப்பாக மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்குவார். மாலையில் திரும்பும்போது தொடையிடுக்கு புண்ணாகியிருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் போவார். முடியாத மாதங்களில் மூன்று நாள் வீட்டில் இருந்துவிடுவார். ஒரு நாள் வரும்படி 400 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் மூன்று நாளில் 1,200 ரூபாய் போயிற்று. கடையில் கொடுக்கும் 96 ரூபாயை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் நான் வெகுநாள் கவனிக்காமல் இருந்தேன். ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையே இருபத்தொன்பதரை நாட்கள். நம்மில் பலருக்கு மாதவிடாய் வருவதும் இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது நாட்களுக்கு ஒருமுறைதான். எனவே ஒரு மாதம் அமாவாசை வற்றத்தில் வந்தவளுக்கு அடுத்த மாதமும் அதற்கு அடுத்த மாதமும் அதையொட்டியே வரும். மெல்ல நகர்ந்து வேலை இல்லாத வாரத்துக்குள் போய்ச் சேரச் சில மாதங்கள் ஆகின்றன. "எனக்கு மட்டும் ஏன் எப்போதும் வேலை நாளிலேயே வருகிறது" என்று சலித்துக்கொள்ளும் பெண்ணிடம் சாபமும் இல்லை, குறையும் இல்லை. அவளுடைய நாளும் நிலவின் நாளும் ஏறக்குறைய ஒன்றாக நடக்கின்றன, அவ்வளவுதான்.

படகில் ஏறிவிட்டால் மறைவிடம் கிடையாது என்பதால் விடிகாலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம். கருவாட்டு மணலில் நிற்கும் பெண்களும் உப்பளத்தில் வாருகிற பெண்களும் இதையேதான் செய்கிறார்கள். பிறகு நீர்க்கடுப்பு, மருந்துக்கடை, ஊசி. அந்தச் செலவும் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

இனி மிச்சம் பிடிக்கும் வழிகளுக்கு வருகிறேன். நமக்குக் கிடைக்க வேண்டியதை முதலில் கேட்டு வாங்குவோம். 2011-இல் அறிவிக்கப்பட்ட புது யுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் உண்டு. ஆண்டுக்கு 18 பொட்டலம், பொட்டலத்துக்கு 6, ஆக 108. மாதத்துக்கு ஒன்பதுதான் வருகிறது. முழுத் தேவைக்குப் போதாது என்றாலும் பாதிக்கு மேல் மிச்சம். பிள்ளைபெற்ற தாய்மாருக்கும் உண்டு. பள்ளியிலோ அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ வாங்காமல் விட்ட பிள்ளைகள் உங்கள் தெருவில் இருந்தால் பெயர் எழுதுங்கள். இருபது வயதில் இந்த உதவி நின்றுவிடுகிறது. உடம்பு நிற்பதில்லையே.

இரண்டாவது, மத்திய அரசின் மக்கள் மருந்தகம். சுவிதா என்ற பெயரில் அங்கே விற்கும் நாப்கின் 2019 ஆகஸ்டிலிருந்து ஒன்று ஒரு ரூபாய். மாதம் 96 ரூபாய் 16 ரூபாயாகிறது. "அதற்காக டவுனுக்குப் போக வேண்டுமா?" என்பீர்கள். ஒவ்வொருவரும் போக வேண்டாம். குழுவில் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எல்லோருக்கும் சேர்த்து வாங்கி வரட்டும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இருப்பு இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்ப நேரும். 2018 ஜூலையில் நாப்கினுக்கு இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. வரியை நீக்கியபோது நம் கடைகளில் விலை இறங்கும் என்று காத்திருந்தேன். எங்கள் ஊரில் அப்படி எதையும் நான் பார்க்கவில்லை. விலையைக் குறைக்க நாம் சேர்ந்து வாங்குவதுதான் வழியாகத் தெரிகிறது.

துணி நாப்கின் நல்லது. ஆரோவில்லில் தைப்பது போல, அடுக்கு வைத்துத் தைத்துப் பொத்தான் போட்டால் சில ஆண்டுகள் வரும். ஆனால் வெளியூரிலிருந்து வந்து சொல்லிக்கொடுப்பவர்கள் நம் தண்ணீரை அறிந்து சொல்வதில்லை. இங்கே கிணற்றில் ஊறுவது உவர்நீர். சோப்பு நுரைக்காது, கறை போகாது, காய்ந்த துணி விறைத்து நிற்கும். துணியில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் இரவில் மறுபடியும் நசநசக்கும். ஈரத் துணியைக் கட்டினால் புண்ணும் அரிப்பும் வரும். உவர்நீரில் அலசிவிட்டு, கடைசி அலசலை நல்ல தண்ணீரில் முடித்து, நேர் வெயிலில் காயப்போட வேண்டும். எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் குடம் 10 ரூபாய். காவிரிக் குழாயில் தண்ணீர் வராத வாரத்தில் துணி நாப்கின் மலிவு என்று யாரும் சொல்ல முடியாது. வெயிலில் காயப்போடுவது இன்னும் கடினம். பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டே பழகிவிட்டோம். அதை மாற்றக் காசு வேண்டாம், துணிச்சல் வேண்டும். வெயில் நம் ஊரில் இலவசமாகக் கிடைக்கிறது.

நான் உங்களிடம் மன்றாடிக் கேட்பது மாதவிடாய்க் கப்பைப் பற்றி. மருத்துவத் தரமான சிலிக்கோனில் செய்த சின்னக் குவளை அது. உள்ளே வைத்தால் உதிரத்தைத் தேக்கிவைக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துக் கொட்டிக் கழுவி மறுபடி வைக்கலாம். மாதவிடாய் முடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துத் துணிப்பையில் போட்டுவிடலாம். பத்து ஆண்டு வரை உழைக்கும். 400 ரூபாய் விலை என்றால் 35 ஆண்டுக்கு நான்கு கப், 1,600 ரூபாய். 36,480 எங்கே, 1,600 எங்கே! கடலில் இறங்கினாலும் நனைந்து உப்பாது. பாசி எடுக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. இதைக் கையில் பிடித்தபோது, இப்படி ஒன்று அம்மாவுக்குக் கிடைத்திருந்தால் என்று எண்ணி அழுதுவிட்டேன்.

புதுப்பொருள் என்று பயப்பட வேண்டாம். 1937-லேயே அமெரிக்கப் பெண் ஒருவர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 2019-இல் லான்செட் பொது சுகாதார இதழ் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இது பாதுகாப்பானது, கசிவைத் தடுப்பதில் நாப்கினுக்குக் குறைந்ததில்லை என்று எழுதியது. கொச்சிக்குப் பக்கத்தில் கும்பளங்கி என்று ஒரு மீனவ ஊர், நம்மைப் போலவே உப்புநீர் சூழ்ந்த ஊர். அங்கே பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கப் கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2022 ஜனவரியில் அது நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. கரையோரப் பெண்களால் முடியும் என்பதற்கு அவர்கள் சாட்சி.

சிரமத்தையும் மறைக்க மாட்டேன். பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். முதல் மாதம் நான் கைவிடப் பார்த்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொடக்கூடாது. காப்பர் டி போட்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வைக்கக்கூடாது, எடுக்கும்போது அதையும் இழுத்துவிட வாய்ப்பு உண்டு. மணமாகாத பிள்ளைகளைப் பற்றி அம்மாக்களுக்கு வரும் அச்சம் எனக்குப் புரிகிறது. கன்னித்தன்மையைச் சவ்வை வைத்து அளக்க முடியாது என்று மருத்துவம் சொல்கிறது. இருந்தாலும் யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். அந்தப் பிள்ளைகள் நாப்கினிலேயே இருக்கட்டும், வளர்ந்தபின் தாங்களே முடிவு செய்யட்டும்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிடுவேனோ என்று இங்கேயே எழுதுகிறேன். ஒரு மணிக்கொரு முறை மாற்ற வேண்டியிருந்தாலோ ஏழு நாளைத் தாண்டிப் போனாலோ செலவைக் குறைக்க வழி தேடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். என் அக்கா மூன்று ஆண்டு பெரிய அளவு நாப்கினாக வாங்கிச் சமாளித்தார். கடைசியில் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தபோது உடம்பில் இரத்தமே இல்லை.

சடங்கைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். தெரிந்தேதான் சொல்கிறேன். பந்தல், ஃபிளெக்ஸ், மண்டபம், தாய்மாமன் சீர், ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. பெண் பெரியவளானதை ஊருக்கே ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறோம். அடுத்த மாதத்திலிருந்து அவள் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது, கடையில் தாளில் சுற்றிக் கறுப்புப் பையில்தான் வாங்க வேண்டும். எங்கள் குழு நோட்டில் சடங்குக் கடன் வாங்கியவர்கள் ஏழு பேர். அந்தப் பணம் மொய்யாகத் திரும்பி வரும் என்பீர்கள். கடனுக்கு வட்டியும் கூடவே வருகிறதே. சடங்கை நிறுத்தச் சொல்லவில்லை. வரும் மொய்யிலிருந்து 5,000 ரூபாயை அந்தப் பிள்ளையின் பெயரில் அஞ்சலகத்தில் போடுங்கள். அவளுடைய மாதச் செலவு அதிலிருந்து நடக்கட்டும்.

எங்கள் குழுவில் கப்புக்கு என்று ஒரு சின்ன உள்கடன் தொடங்கியிருக்கிறோம். 400 ரூபாய், வட்டி இல்லை, மாதம் 80 வீதம் ஐந்து தவணை. நாப்கினுக்குக் கொடுத்துவந்த பணமே தவணையைக் கட்டிவிடுகிறது. பன்னிரண்டு பேருக்கு 4,800 ரூபாய்தான் வெளியே போயிருக்கிறது. நோட்டில் "இதர செலவு" என்று எழுதாமல் "மாதவிடாய்" என்றே எழுதினேன். கை நடுங்கியது, ஆனாலும் எழுதினேன்.

நீங்களும் உங்கள் குழுவில் இதைத் தொடங்க வேண்டும். நவம்பர் 1 கிராம சபைக்கு ஒவ்வொரு ஊரிலிருந்தும் இரண்டு கோரிக்கைகள் எழுத்தில் போக வேண்டும். பாசிப் படகு சேரும் கரையிலும் கருவாட்டுத் தளத்திலும் தண்ணீரோடும் உள்தாழ்ப்பாளோடும் ஒரு கழிப்பறை வேண்டும் என்பது ஒன்று. பத்தொன்பது வயதோடு நிற்கும் இலவச நாப்கினுக்குப் பிறகு, விரும்பும் பெண்களுக்குக் கப்பும் அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு செவிலியரும் வேண்டும் என்பது மற்றொன்று. பேச எழுந்து நிற்கும்போது ஆண்கள் தலையைக் குனிந்தால் குனியட்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், எழுதுவதற்கு முன் போடாதீர்கள்.

கப்பைக் கையில் பிடித்துப் பார்க்க விரும்பும் குழுக்களுக்கு நானே கொண்டுவந்து காட்டுகிறேன். அமாவாசை, பௌர்ணமி வாரங்களைத் தவிர்த்து நாள் குறியுங்கள். பாசிக்குப் போகிற பெண்கள் மற்ற நாட்களில்தான் வீட்டில் இருப்பார்கள்.

அன்புடன்,
மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து
ஒரு குழுவின் ஊக்குநர்