சீசனில் லாங்வுட் சோலையைப் பூட்டுங்கள்

நீலகிரி வனக்கோட்ட அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏப்ரல் தொடங்கி ஜூன் முடிய, கோத்தகிரியை ஒட்டியுள்ள மலைக்காடான லாங்வுட் சோலையைப் பார்வையாளர்களுக்குப் பூட்டி வைக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். அது சீசன் நேரம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். மே மாதம் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, அதையொட்டி ஊட்டியில் மலர்க் கண்காட்சி என்று மலையே திருவிழாக் கோலம் பூணும். வண்டிகளின் நெரிசல் தாங்காமல் 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் இ-பாஸ் வந்தது. அப்படிப்பட்ட நாட்களில் போய் காட்டைச் சாத்தச் சொல்கிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று உங்களுக்குத் தோன்றலாம்.

காரணம் ஒரு சிறு பறவை. நீலகிரி சோலைக்கிளி. பெயரில்தான் கிளி, ஆள் குருவியைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. மேலே மங்கிய நீலம், விலாவில் செம்பழுப்பு, வயிறு வெளுப்பு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியிலும் அதையடுத்த மலை உச்சிகளிலும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 2017-இல் இதற்கும் இதன் உறவுப் பறவைகளுக்கும் சோலையின் பெயரிலேயே 'ஷோலிகோலா' என்று தனிப் பேரினம் வகுத்தார்கள். இது உயரப் பறக்கிற ஜாதியல்ல. புதரடியில், சருகுக்குள், ஈர நிழலில் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும். கூடு கட்டுவது மரப்பொந்தில், இல்லையென்றால் மண்கரையில் இருக்கும் சின்னப் பொந்தில், பாசியை மெத்தையாக விரித்து. பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்துக்குள்தான். சோலைக்குள் அப்படிப்பட்ட மண்கரை எங்கே இருக்கும்? சரிவை வெட்டி நடைபாதை போட்டிருக்கிற இடத்தில். எப்போது முட்டையிடும்? ஏப்ரல் முதல் ஜூன் வரை.

ஆக, நாம் நடக்கிற பாதையின் ஓரத்தில், நம் முழங்கைக்கு எட்டும் தூரத்தில், நாம் மலையேறி வருகிற அதே மாதங்களில் அது அடைகாக்கிறது. குழந்தை ஒன்று கரையைப் பிடித்து ஏறினால் போதும், கூடு சரியும். படமெடுக்க வருகிறவர்களில் சிலர் செல்போனில் அதன் குரலையே ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்கிறார்கள். வேறொரு ஆண் தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டது என்று பதறி, அடையையும் இரையையும் விட்டுவிட்டு அது ஓடி வருகிறது. படம் நன்றாகத்தான் விழுகிறது, என்ன செய்ய. இந்த ஒலிபெருக்கி வேலையை வருடம் முழுக்கவே தடை செய்ய வேண்டும். அதற்குத் தனி மடல் எழுதத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

பெரிய காடாக இருந்தால் ஒரு பாதையை விட்டுவிட்டு உள்ளே ஒதுங்கும் என்று சொல்லலாம். லாங்வுட் மொத்தமே 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலையும் ஊரும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவை இனங்களில் 14 இந்தத் துண்டுக்குள் இருக்கின்றன. நீலகிரிச் சிரிப்பான் கூட்டமாய்ச் சிரிப்பது, நீலகிரிக் காட்டுப்புறா உச்சிக்கிளையில் முனகுவது எல்லாம் இதற்குள்தான். இங்கிருந்து விரட்டினால் அவை எங்கே போகும்? தேயிலைத் தோட்டத்திலா கூடு கட்டும்?

இந்தச் சோலையின் வயதையும் எண்ணிப் பாருங்கள். நீலகிரியின் சதுப்புக் குழிகளில் அடுக்கடுக்காய்ப் படிந்த கரிமண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளாக இந்த மலையில் சோலையும் புல்வெளியும் பருவநிலைக்கு ஏற்ப ஒன்றை ஒன்று நெருக்கியும் விலகியும் வந்ததைக் கண்டார்கள். ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் வந்தபோது கோத்தர், தோடர், படுகர், குறும்பர், இருளர் எல்லோருடைய வாழ்விலும் சோலைக்கு இடம் இருந்தது. அதற்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டுகளில் விறகுக்கும் காப்பிக்கும் தேயிலைக்கும் போனது எவ்வளவோ. போன இடத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நின்றன. மிஞ்சிய துண்டுகளில் ஒன்று இது. இதுவும் போயிருக்கும், மரம் வெட்டுவதையும் மாடு மேய்ப்பதையும் தடுக்க ஊர்க்காரர்களே கண்காணிப்புக் குழு அமைத்து, உங்கள் துறையோடு சேர்ந்து காத்தார்கள். 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. நுழைவாயிலில் ராம்சர் பெயரை எழுதும்போது அதையும் எழுதலாமே.

காட்டுக்கு எப்படி ஈரநிலப் பட்டம் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். உள்ளே நாலடி நடந்தால் காலே பதில் சொல்லும்: கனத்த சருகு, அதன் கீழே கருத்த மட்கு, அதற்குள் பின்னிய வேர். விழுகிற மழை ஓடிவிடாமல் அதில் ஊறி, கசிவாக இறங்கி, மழை நின்ற பிறகும் கீழே உள்ள ஊர்களுக்கு ஓடையாக வருகிறது. பாதை அகலமானால், பத்துப் பேர் அதே இடத்தில் நின்று செல்ஃபி எடுத்தால், மண் இறுகிவிடும்; இறுகிய மண்ணில் தண்ணீர் ஊறாது, வழிந்து ஓடும். நிழல் விலகிய ஓரத்தில் செஸ்ட்ரம், உண்ணிச்செடி போன்ற அந்நியக் களைகள் முந்திக்கொண்டு முளைக்கும். காட்டுச்செண்பகக் கன்று ஒன்று நிழலில் நிதானமாக வளர்வதற்குள் அவை இடத்தையே அடைத்துவிடும்.

யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அனுமதி வாங்கி நடக்க வழி இருப்பது நல்லது, பார்க்காத காட்டுக்காக யாரும் பேசப்போவதில்லை. ஆனால் ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதம் இருக்கிறதே. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அது ஓய்ந்த ஜனவரியில் ஓடை நிறைந்திருக்கும், பாசி பச்சை கட்டியிருக்கும், வானமும் தெளிந்திருக்கும். மே மாதத்துக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் வருகிறவருக்கே அது லாபம். புதர்த்தவளை வேண்டுமென்றால் மழைக்காலத்து அந்தியில் வரட்டும். தலைப்பிரட்டை என்ற கட்டமே இல்லாமல் முட்டையிலிருந்து நேரே தவளையாக வெளிவருகிற அந்த நகத்தளவு உயிர் சத்தம் போடுவதை அப்போதுதான் கேட்கலாம்.

வருமானம் குறையும் என்பீர்கள். குறையும்தான். அதை ஈடுகட்ட, திறந்திருக்கிற மாதங்களில் ஒரு குழுவுக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு குழுவோடும் அக்கம்பக்க ஊர்களைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர் கட்டணத்தோடு வரட்டும் என்று வையுங்கள். காட்டெருமை நடமாடுகிற இடத்தில் அதன் வழித்தடம் தெரிந்தவர் முன்னே போவது பாதுகாப்பும்கூட. சீசனில் ஏமாந்து திரும்புகிறவர்களுக்கு வாயிலருகே ஒரு பலகை போதும்: உள்ளே எந்தப் பறவை அடைகாக்கிறது, எங்கே, ஏன் பூட்டியிருக்கிறோம் என்று தமிழில், படத்தோடு. இ-பாஸ் பதிவு செய்யும் பக்கத்திலேயே இந்த மூன்று மாத அறிவிப்பையும் சேர்த்துவிட்டால் வாயில் வரை வந்து சண்டை போடுகிறவர்களும் குறைவார்கள்.

வரும் சீசனுக்கு முன்பே இதை முடிவு செய்து, மார்ச் மாதத்துக்குள் அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரிவாசி ஒருவன்