ரம்மிச் செய்திகளில் விடுபட்டுப்போகும் நோய்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை இழந்தவர் தற்கொலை செய்துகொண்டதாக வெளியாகும் செய்திகளில், இழந்த தொகை முதல் வரியிலேயே இடம்பெறுகிறது. அவர் எத்தனை நாளாகத் தூங்காமல் இருந்தார், மனச்சோர்வு முன்பே இருந்ததா, குடிப்பழக்கம் உண்டா என்பவை கடைசி வரியில்கூட வருவதில்லை. படிப்பவர்களுக்கு, கடன் வந்தால் சாவுதான் வழி என்பதுபோல ஒரு கணக்கு மனத்தில் பதிந்துவிடுகிறது.

சூதாட்டத்தை விட முடியாத நிலையை, 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, மது அடிமைத்தனம் இருக்கும் அதே பெரும்பிரிவில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 43,000 பேரிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு வாழ்நாளில் ஏதோவொரு கட்டத்தில் மதுப் பிரச்சினையும், பாதிப் பேருக்கு மனச்சோர்வு உள்ளிட்ட மனநிலைக் கோளாறும் இருந்தது தெரியவந்தது. எது முந்தியது என்பது ஆளுக்கு ஆள் மாறும். மனபாரத்தை மறக்க ஆடத் தொடங்கியவரும் உண்டு. விட்டதைப் பிடிக்கப் போய், நகையை அடகு வைத்து, செயலிகளில் கடன் வாங்கி, வீட்டில் பொய் சொல்லிச் சொல்லியே மனச்சோர்வில் விழுந்தவரும் உண்டு. ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர் என்ற முறையில் நான் கண்டவரை, கடனைவிட அது வெளியே தெரிந்துவிடுமே என்ற அவமானமே பலரை அதிகம் வாட்டியது. தூக்கமின்மைக்கென்று அழைத்துவரப்பட்ட அவர்களிடம் கைபேசியில் என்ன ஆடுகிறீர்கள் என்று நாங்களும் ஆரம்பத்தில் கேட்டதில்லை.

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரம்மி, போக்கர் மீதான தடையை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடைசெய்தது. தடையை வரவேற்கிறேன். ஆனால் ஆட்டம் நின்று கடன் மட்டும் மிஞ்சும் வாரங்களில் குடும்பத்தினர் திட்டித் தீர்ப்பதோ, ரகசியமாகக் கடனை அடைத்துவிட்டு முடிந்தது என்றிருப்பதோ போதாது. அவரைத் தனியே விடாமல், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, இது சிகிச்சைக்குரிய நோய் என்ற ஒரு வரியையும், 14416, 104 ஆகிய உதவி எண்களையும் தொகைக்குக் கொடுக்கும் அதே அளவு எழுத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர்,
மதுரை.