முதலில் ஹாலை அளந்துவிட்டு டிவி வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓணத்தில் தொடங்கி தீபாவளி வரை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் டிவி வாங்கும் காலம். களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் வரை போய் விலை கேட்டு வருபவர்களும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதனால் 'இன்னும் கொஞ்சம் போட்டால் 55 இன்ச்சே எடுத்துவிடலாமே' என்ற ஆசை பலருக்கும் வருகிறது. எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: வீட்டில் எவ்வளவு தூரத்தில் உட்காருகிறோம், எதைப் பார்க்கிறோம்.

கடையில் ஓடுவது கம்பெனி கொடுத்த, மிகத் தெளிவான 4கே காட்சி. வீட்டில் பெரும்பாலும் ஓடுவது கேபிளிலோ டிஷ்ஷிலோ வரும் எஸ்டி, அதாவது சாதாரணத் தெளிவுள்ள சேனல். எஸ்டி படத்தில் 720-க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் 3840-க்கு 2160. கணக்குப் போட்டால் சரியாக இருபது மடங்கு. வந்த ஒரு புள்ளியை டிவி இருபதாக இழுத்து நிரப்புகிறது. முகம் மெழுகு பூசியதுபோல் தெரிவதும், செய்தியில் கீழே ஓடும் எழுத்து கலங்குவதும் இதனால்தான். இதைப் பழுது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பயனில்லை. எஸ்டியைவிடத் தெளிவான எச்டி சேனல் பேக் போட்டாலே பாதிக் குறை தீரும்.

அளவுக்கு வருவோம். பெட்டியில் 108 செ.மீ. என்று போட்டிருப்பது அகலம் அல்ல, மூலைக்கு மூலை அளவு. 43 இன்ச் டிவியின் திரை அகலம் சுமார் 95 செ.மீ., உயரம் 54 செ.மீ. பழைய ஷோகேஸில் டிவிக்கு விட்ட இடம் 3 அடி, அதாவது 91 செ.மீ. என்றால் 43 இன்ச் உள்ளேயே போகாது. 32 இன்ச்தான் போகும். இடம் சரியாக இருந்தாலும் இருபுறமும் மேலேயும் நாலு விரல் அளவாவது காற்றுப் போக விட வேண்டும்.

தூரத்துக்கு எளிய கணக்கு இது: இன்ச் அளவை 1.6-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் எத்தனை அடி என்று வரும். 43-க்கு ஏறக்குறைய 6 அடி, 55-க்கு ஏழேகால் அடி, 65-க்கு எட்டரை அடிக்கு மேல். இது எச்டி, 4கே பார்ப்பவர்களுக்கு. எஸ்டி சேனலே கதி என்றால் இதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். நாற்காலி போடும் இடத்திலிருந்து சுவர் 8 அடி என்றால், சீரியலும் செய்தியும் பார்க்கும் வீட்டுக்கு 43 போதும். செல்போனில் பார்ப்பதுபோல் இணையத்தில் படம் பார்க்கும் வீட்டுக்கு 55 பொருந்தும்.

வகையைப் பொறுத்தவரை பெயரில் மயங்க வேண்டாம். கியூஎல்இடி என்பதும் பின்னால் எல்இடி விளக்கு எரியும் எல்சிடிதான். நிறம் மட்டும் கூடுதலாக எடுக்கும். உள்ளே இருக்கும் பேனல் (படம் தெரியும் பலகை) ஐபிஎஸ், விஏ என்ற இரு வகையில் எது என்று கேளுங்கள். முன்வாசல் பகலெல்லாம் திறந்திருந்து, ஆட்கள் இருபுறமும் சுவரோரமாக உட்காரும் ஹாலுக்கு ஐபிஎஸ் நல்லது. நேர் எதிரே இருந்து, இரவில் விளக்கணைத்துப் பார்ப்பவர்களுக்கு விஏ. விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் டிவிக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நிறம் வெளுத்துப்போனால் பெரும்பாலும் விஏ. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடியின் படம் அருமைதான். ஆனால் காலை முதல் இரவு வரை ஒரே செய்தி சேனல் ஓடும் வீட்டில் சேனலின் முத்திரை திரையில் தழும்பாகப் பதிய வாய்ப்புண்டு. அந்த வீட்டுக்கு அது வேண்டாம். ராம் (டிவி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்) 2 ஜிபிக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள், இரண்டு வருடத்தில் ரிமோட்டை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதாகும்.

மாட்டும் உயரத்திலும் தவறு நடக்கிறது. திரையின் நடுப்பகுதி உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடியில் இருக்க வேண்டும். கதவு நிலைக்கு மேல் மாட்டினால் கழுத்துதான் வலிக்கும். ஹாலோ பிளாக் சுவரில் ஸ்க்ரூவுக்குப் போடும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. அதற்கென உள்ள ஆங்கர் போடுங்கள், இல்லையேல் ஸ்டாண்டில் வையுங்கள். மழையில் ஓதம் ஏறும் சுவரைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம். ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் இடி வெட்டத் தொடங்கினால் டிவியின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இருந்துவிடுகிறோம். மின்னல் கரண்ட் வழியாக மட்டும் வருவதில்லை. மாடியில் இருக்கும் டிஷ்ஷிலிருந்து வயர் வழியாக செட்டாப் பாக்ஸுக்குள் இறங்கி, எச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவிக்குள் போகிறது. பின்மூடியைக் கழற்றினால் பவர் போர்டு நன்றாக இருக்கும். மெயின் போர்டில் எச்டிஎம்ஐ பகுதி செத்திருக்கும். ஸ்டெபிலைசர் இதைத் தடுக்காது. திடீர் மின் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் வீட்டில் எர்த் சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். வானம் இருண்டதுமே பிளக்கைப் பிடுங்குங்கள், டிஷ் வயரையும் கழற்றுங்கள், இணைய மோடத்திலிருந்து டிவிக்கு லேன் வயர் வந்தால் அதையும். இடி தொடங்கிய பிறகு வயரில் கை வைக்கக் கூடாது. மின்னலில் போன டிவிக்கு வாரண்டி பொதுவாகக் கிடையாது.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று தனிச் சிக்கல். டிஷ் வயரின் முனையைத் திருகிப் பார்த்தால் செம்பில் பச்சையும், சுற்றியுள்ள பின்னலில் வெள்ளைப் பொடியும் படிந்திருக்கும். பேனலுக்குப் போகும் மெல்லிய பட்டை வயரிலும் இதே அரிப்புதான். திரையில் நெட்டுக்கோடு விழ இதுவும் ஒரு காரணம். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே டிவியை வைக்காதீர்கள். மழைக்காலத்தில் தினம் ஒரு மணி நேரமாவது ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது. மாடியில் வயர் முனைக்கு டேப் சுற்றி, வீட்டுக்குள் நுழையுமிடத்தில் வயரைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே வராமல் சொட்டிப்போகும்.

டிவி வந்ததும், கொண்டுவந்தவர் போகும் முன்பே பெட்டியைப் பிரித்து ஓடவிட்டுப் பாருங்கள். பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவரக் கூடாது. பழுதிருந்தும் மாற்றித்தர மறுக்கும் கடையிடம் பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

நம் மாவட்டக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் ஒரு டிஷ் இணைப்பு வைத்து, கேட்பவருக்கு எஸ்டி தமிழ் சேனலையும் ஓட்டிக் காட்டுங்கள். தரையில் 6 அடி, 8 அடி, 10 அடி என்று மூன்று கோடு போட்டு வையுங்கள். விலைச் சீட்டில் பேனல் வகையையும் ராம் அளவையும் தமிழில் எழுதுங்கள். இவற்றைச் செய்ய அரை நாள் போதும்.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக்,
தக்கலை.