அயர்லாந்துக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

டப்ளினில் படிக்க இடம் கிடைத்துவிட்டதாம், மகிழ்ச்சி. அந்த நாட்டைப் புரிந்துகொள்ள எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். உருளைக்கிழங்குப் பஞ்சம், சுதந்திரப் போர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள். முதலில் 2018-ஐப் படி.

அந்த வருஷம் புனித வெள்ளியன்று பப்கள் திறந்திருந்தன. 1927 முதல் அன்றைக்கு மது விற்கத் தடை இருந்தது. அது சின்ன விஷயம். பெரியது மே 25-ஆம் தேதி வந்தது: கருக்கலைப்புத் தடையை நீக்கலாமா என்று மக்களைக் கேட்ட வாக்கெடுப்பு.

கருவுக்கும் தாய்க்கும் உயிர்வாழச் சம உரிமை என்று 1983-இல் அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அதனால் கருக்கலைப்புக்குப் பெண்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். 2012-இல் கால்வே மருத்துவமனையில் சவிதா ஹலப்பனவர் இறந்தார். பெல்காமிலிருந்து போன பல் மருத்துவர், வயது 31. கரு தங்காது என்று தெரிந்த பிறகும், அதன் இதயம் துடிக்கிறது என்பதால் கலைக்க மறுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவி உயிர் போனது.

அரசியல்வாதிகள் இதைத் தொடப் பயந்தார்கள். கடைசியில் பொறுப்பு ஒரு மக்கள் மன்றத்திடம் போனது: தலைவராக ஒரு நீதிபதி, உறுப்பினர்களாகப் பொதுமக்களிலிருந்து தேர்ந்த 99 பேர். வார இறுதிகளில் கூடி மருத்துவர்களையும் இரு தரப்பினரையும் கேட்டார்கள். அவர்கள் பரிந்துரைத்த மாற்றம் கட்சிகள் எதிர்பார்த்ததைவிடத் துணிச்சலானது. எனக்கு அந்த வருஷக் கதையில் பிடித்த பகுதியே இதுதான், அது நடந்தது முந்தைய வருஷம் என்றாலும்!

வாக்கெடுப்பு வந்தபோது, வெளிநாட்டில் இருந்தவர்கள் ஓட்டுப் போடவே விமானம் பிடித்து வந்தார்கள். தபால் ஓட்டு அவர்களுக்குக் கிடையாது. தடையை நீக்க 66.4 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். டப்ளினில் வரைந்த சவிதாவின் சுவரோவியத்தில் மக்கள் குறிப்புச் சீட்டுகளை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்டில் போப் பிரான்சிஸ் வந்தார். 1979-இல் இரண்டாம் ஜான் பாலைப் பார்க்க ஃபீனிக்ஸ் பூங்காவில் பத்து லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். இந்த முறை அதில் கால்வாசிகூட வரவில்லை. அக்டோபரில் இன்னொரு வாக்கெடுப்பு வைத்து, தெய்வ நிந்தனையைக் குற்றமாக்கிய சொல்லையும் அரசியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அங்கே எல்லோரும் ஒரே கருத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதே. மே வாக்கெடுப்பில் டோனிகல் தொகுதியில் 'வேண்டாம்' என்ற பக்கம்தான் வென்றது. நாடு முழுக்கவும் மூன்றில் ஒருவர் அந்தப் பக்கம். பப்பில் பழகும்வரை இந்தப் பேச்சை நீயாக எடுக்காதே.

போய்ச் சேர்ந்ததும் எழுது.

அன்புடன்,
அண்ணன்