நம் மாணவியின் மறைவு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

நம் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படித்துவந்த மாணவி கடந்த சனிக்கிழமை விடியற்காலையில் தன் வீட்டில் இறந்துவிட்டாள். வயது 16. காலெலும்பில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. பெயரை அச்சில் போட வேண்டாம் என்று அவளுடைய பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பெயர் தெரியாத வீடு இந்த வட்டாரத்தில் இல்லை.

இரங்கல் செய்தியை ஒரு பத்தியில் முடித்திருக்கலாம். நீளமாக எழுதக் காரணம் இருக்கிறது. துக்க வீட்டிலும் பேருந்து நிறுத்தத்திலும் அவளைப் பற்றிய பேச்செல்லாம் "கால் எடுத்த பிள்ளை", "பாவப்பட்ட பிள்ளை" என்றே இருந்தது. அவள் நோயோடு இருந்தது 2 ஆண்டுகள். அதற்கு முன் 14 ஆண்டுகள் இந்த மண்ணில் ஓடி, சண்டையிட்டு, சிரித்து வளர்ந்தாள். நோய்க்காலத்திலும் அவள் பாவப்பட்டவளாக ஒரு நாளும் நடந்துகொள்ளவில்லை. உங்கள் பிள்ளைகளின் மனத்தில் நோயாளியின் முகம் மட்டும் தங்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

அவள் கொறங்காட்டில் பிறந்து வளர்ந்தவள். அரிசி ஆலைகளிலும் தேங்காய்க் களங்களிலும் வேலைக்காக வந்து காங்கேயம் பக்கம் குடியேறிய பெற்றோர் நம் பள்ளியில் பலர் உண்டு, அவர்களுக்காகச் சொல்கிறேன். கொறங்காடு என்பது மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்றே விட்டுவைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல் மரம், சுற்றிலும் முள் கிளுவையால் உயிர்வேலி. படலைச் சாத்திவிட்டால் மாடுகள் உள்ளே தாமாகவே மேயும். புல் காய்ந்துபோகும் கோடையில் உதிரும் வெள்வேல் காய்தான் தீவனம். ஒரு காட்டில் புல் இறங்கியதும் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். எந்தக் காட்டில் இன்னும் எத்தனை நாளுக்கு மேய்ச்சல் தாங்கும் என்பதை வேலியோரம் ஒரு நடை நடந்துவிட்டு அந்தப் பெண் சொல்வாள். அவளுடைய தாத்தா அந்தக் கணக்கை மறுத்து நான் பார்த்ததில்லை.

ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் அவள் கொடுத்த விடுப்புக் கடிதத்தில் "எங்கள் மயிலை மாடு கன்று ஈன்றதால்" என்று இருந்தது. தகுந்த காரணம் எழுதி வா என்று வகுப்பாசிரியர் திருப்பிக் கொடுத்தார். "இதைவிடத் தகுந்த காரணம் எது, டீச்சர்?" என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றாள். வம்புக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தக் கடிதம் அப்படியே ஏற்கப்பட்டது.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குத் தாத்தாவோடு போய்வருவாள். பல்லைப் பார்த்து மாட்டின் வயதைச் சொல்லவும், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசவும் அங்கேதான் கற்றாள். ஏழாம் வகுப்பில் அந்த விரல் கணக்கை வகுப்பு முழுவதற்கும் கற்றுக்கொடுத்துவிட்டாள். அந்த வாரம் கைக்குட்டைக்கடியில் பென்சிலும் ரப்பரும் விலை பேசப்பட்டன. கணக்காசிரியர் அதைத் தடுக்கவில்லை, பத்துகளையும் நூறுகளையும் அதை வைத்தே நடத்தினார். இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கும் அவர்களுக்கு அது மறந்திருக்காது.

காங்கேயம் கன்று செந்நிறமாகப் பிறந்து, சுமார் ஆறு மாதத்தில் மயிலை நிறத்துக்கு, அதாவது சாம்பல் நிறத்துக்கு மாறும். தாயும் மயிலை, தந்தையும் மயிலை என்றால் கன்று ஏன் சிவப்பாகப் பிறக்கிறது என்று அறிவியல் வகுப்பில் கேட்டு ஆசிரியரை நூலகத்துக்கு அனுப்பியவள் அவள்.

கோபக்காரியும்தான். கன்றுக்குட்டி மேல் கல்லெறிந்த பையனை அடித்துவிட்டாள். என் அறைக்கு அழைத்தபோது தலை குனியவில்லை. "அடித்தது தப்பு, அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவன் கன்றிடம் கேட்கட்டும்" என்றாள். இரண்டும் நடந்தன. அந்தப் பையன் பிறகு அவளுடைய நெருங்கிய நண்பன் ஆனான். சனிக்கிழமை பாடை தூக்கியவர்களில் அவனும் ஒருவன்.

ஒன்பதாம் வகுப்பில் வலது முழங்காலுக்குச் சற்று மேலே வலி வந்தது. காளை முட்டிய இடம் என்று அவளும் வீட்டாரும் நினைத்தார்கள். மாட்டோடு புழங்கும் எந்த வீட்டிலும் அப்படித்தான் நினைப்பார்கள். எண்ணெய் தேய்த்து நீவினார்கள், கட்டுப் போட்டார்கள். வலி இரவில் கூடியது, வீக்கம் வடியவில்லை. எக்ஸ்ரேயும் திசுப் பரிசோதனையும் செய்த பிறகுதான் ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்தது. சென்னையில் முதலில் கீமோதெரபி, பிறகு அறுவை சிகிச்சை, பிறகு மறுபடியும் கீமோதெரபி. முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவளுக்காகத் தேர்வெழுத ஒருவரை அமர்த்திக்கொள்ள விதியில் இடம் உண்டு என்று சொன்னேன். "நோய் காலில்தானே அய்யா, எழுதுவது கை" என்றாள். தானே எழுதித் தேர்ச்சி பெற்றாள்.

கனடாவைச் சேர்ந்த டெர்ரி ஃபாக்ஸைப் பற்றி உடற்கல்வி ஆசிரியர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கும் இதே நோய், வலது கால். 1977-இல் 18 வயதில் காலை இழந்தார். 1980-இல் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டிக்கொண்டே 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டத்தை நிறுத்தியவர், 1981-இல் 22 வயதில் இறந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு அவள், "சாலையில் ஓடலாம். நெருஞ்சிக் காட்டில் மாட்டின் பின்னால் ஓடினால்தான் தெரியும்" என்றாளாம். மறுவாரம் ஊன்றுகோலோடு கொறங்காட்டுக்குப் போய்ப் படலைத் திறந்துவிட்டாள்.

இந்த ஜனவரியில் பட்டிப் பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நுரையீரலில் நோய் வந்திருப்பது அப்போது அவளுக்குத் தெரியும். பட்டிக்குள் சாணத்தால் கட்டிய தெப்பக்குளத்தில் கன்றை இறக்கும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பட்டி பெருக வேண்டும், பால்பானை பொங்க வேண்டும், நோயும் பிணியும் ஓட வேண்டும் என்று எல்லோரும் கூவும் நேரத்தில், நோயைச் சொல்லும் இடம் வந்ததும் பெரியவர்களின் குரல் தாழ்ந்தது. அவள் மட்டும் முன்னிலும் உரக்கக் கூவினாள்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியவை.

வகுப்பில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் உட்கார வேண்டாம் என்று சில வீடுகளில் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பதாக அறிகிறேன். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல. தொட்டாலோ, பக்கத்தில் உட்கார்ந்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ வராது. எந்தப் பாவத்தின் பலனும் அல்ல, கண்ணேறும் அல்ல. அந்த பெஞ்ச் அதே இடத்தில் இருக்கும், மாணவிகள் அதில் உட்காருவார்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அந்த வீட்டில் எட்டாம் வகுப்பு படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான் என்பதை நினைத்துக்கொண்டு பேசுங்கள்.

உங்கள் பிள்ளை கேட்டால் "சாமியிடம் போய்விட்டாள்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள், மருத்துவம் பார்த்தும் பலனில்லாமல் இறந்தாள் என்று சொல்லுங்கள். அழுதால் அழவிடுங்கள். சாப்பாடு இறங்காமலோ தூக்கம் வராமலோ நாட்கள் நீண்டால் வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள்.

அடுத்தது கால் வலி. இந்த நோய் அரிதானது. ஓடியாடும் பிள்ளைக்கு வரும் வலிகளில் மிகப் பெரும்பாலானவை சாதாரண வலிகள்தான். எனவே பதற வேண்டாம். ஆனால் உயரம் வேகமாகக் கூடும் பத்து முதல் இருபது வயதுக்குள்தான் இது அதிகம் வருகிறது, முழங்காலைச் சுற்றித்தான் அதிகம் வருகிறது. அடிபட்டதால் இந்தக் கட்டி உண்டாவதில்லை, அடிபட்ட பிறகு அந்த இடம் நம் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். சில வாரங்களாகியும் தீராத வலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எலும்பை ஒட்டிய வீக்கம், காரணமில்லாத நொண்டல் இவற்றில் ஏதேனும் இருந்தால் நீவுவதையும் கட்டுப் போடுவதையும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். நோய் எலும்போடு நிற்கும்போதே சிகிச்சை தொடங்கினால் பத்தில் ஆறேழு பேர் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். பரவிய பிறகு அந்த வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கும் இடம் உண்டு. விண்ணப்பிக்க உதவி தேவையென்றால் பள்ளி அலுவலகத்துக்கு வாருங்கள், உடனிருந்து செய்துதருகிறோம். அவளுடைய தந்தையே இந்தப் பத்தியை எழுதச் சொன்னார். யாரையும் குறை சொல்ல அவர் விரும்பவில்லை, இன்னொரு வீட்டில் நாள் கடந்துவிடக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

ஃபிளெக்ஸ் வைக்க வேண்டாம் என்பதும் குடும்பத்தாரின் வேண்டுகோள். பள்ளி வாசலில் யாராவது வைத்தாலும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

அவளே கேட்டது ஒன்று உண்டு. கீமோதெரபி நாட்களில் அவளுக்குப் பலமுறை இரத்தமும் தட்டணுக்களும் ஏற்ற வேண்டியிருந்தது. கொடுத்தவர்கள் சென்னையில் முகம் தெரியாதவர்கள். "வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்தால் தாத்தா திட்டுவார்" என்று என்னிடம் சொன்னாள். வரும் இரண்டாம் சனிக்கிழமை காலை 9 மணி முதல் பள்ளி வளாகத்தில் இரத்ததான முகாம் நடக்கும். 18 வயது முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ளவர்கள் கொடுக்கலாம். ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், அங்கேயே பார்த்துச் சொல்வார்கள். முன்பு கொடுத்தவர்களாக இருந்தால் ஆண்களுக்கு 90 நாட்களும் பெண்களுக்கு 120 நாட்களும் கடந்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வராமல் காலை உணவை முடித்துவிட்டு வாருங்கள். வர விரும்புகிறவர்கள் வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுத்தால் ஏற்பாடு செய்ய எளிதாக இருக்கும். அவளுடைய தாத்தா முகாமுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்