2047ஐச் சொல்லும் முன் 2020இன் கணக்கைச் சொல்லுங்கள்

நிதி ஆயோக்கின் மதிப்பிற்குரிய துணைத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். திருப்பூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் கற்பிக்கிறேன். விடுதலையின் நூறாம் ஆண்டான 2047இல் இந்தியா எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்தது. தங்கள் அணுகுமுறை ஆவணத்தில் உள்ள எண்களையே பலகையில் எழுதினேன்: 30 லட்சம் கோடி டாலர் பொருளாதாரம், தலைக்கு ஆண்டு வருமானம் 18,000 டாலர். இதற்கு முன் சொன்னவை என்னவாயின என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கையில் கொடுக்கத் தங்களிடமிருந்து வந்த ஒரு பக்கம்கூட என்னிடம் இல்லை.

அந்தப் பக்கத்தைத்தான் கேட்கிறேன். அரசு வெளியிட்ட ஒவ்வொரு நீண்டகாலக் கணிப்பும் என்ன சொன்னது, என்ன நடந்தது, ஏன் விலகியது என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

2002இல், தங்கள் அமைப்புக்கு முன்பிருந்த திட்டக் குழு தயாரித்த 2020 தொலைநோக்கு அறிக்கை, ஆண்டுக்கு 8.5 முதல் 9 சதவீத வளர்ச்சி என்றது. சில ஆண்டுகள் அந்த வேகத்தைத் தொட்டோம். நீடிக்கவில்லை. 2020-21இல் பொருளாதாரம் சுருங்கியே போனது. கொள்ளை நோயை யாரால் முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று கேட்பீர்கள். முடியாதுதான். ஆனால் இருபது ஆண்டுகளுக்குள் நோயோ போரோ வங்கி நெருக்கடியோ ஏதேனும் ஒன்று வரும் என்று எவரும் சொல்லலாமே. அதற்குக் கணிப்பில் இடம் எங்கே? 2019இல் மத்திய அரசு, 2024-25க்குள் 5 லட்சம் கோடி டாலர் பொருளாதாரம் என்றது. அவ்வாண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை அதற்கு 8 சதவீத வளர்ச்சி தொடர வேண்டும் என்றது. எட்டியது ஏறக்குறைய 3.9 லட்சம் கோடி. இடையில் டாலர் 70 ரூபாயிலிருந்து 84 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. ரூபாயின் மதிப்பு இத்தனை ஆண்டில் எங்கே நிற்கும் என்ற ஊகத்தைப் பொறுத்ததுதான் டாலர் இலக்கு; அந்த ஊகமும் இலக்கோடு சேர்த்தே மக்களுக்குச் சொல்லப்பட வேண்டும்.

ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்ந்தால் 22 ஆண்டுகளில் 3.6 மடங்காவோம். 8 சதவீதம் என்றால் 5.4 மடங்கு. இரண்டு புள்ளி வேறுபாட்டில் இரண்டு வெவ்வேறு நாடுகள். அந்த இரண்டு புள்ளியை அவ்வளவு துல்லியமாக அறியும் திறன் நம்மிடம் இருக்கிறதா? 2024 அக்டோபர் 9 அன்று ரிசர்வ் வங்கி, ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டின் வளர்ச்சி 7 சதவீதம் என்று கணித்தது. அந்தக் காலாண்டு அதற்குள் முடிந்தே விட்டிருந்தது. நவம்பர் இறுதியில் வந்த கணக்கு 5.4 சதவீதம். கடந்துபோன மூன்று மாதங்களில் இவ்வளவு பிசகு என்றால், இன்னும் பிறக்காத பிள்ளைகள் வேலைக்குப் போகும் ஆண்டைப் பற்றி ஒற்றை எண்ணைச் சொல்ல என்ன துணிவு வேண்டும்! ரிசர்வ் வங்கியாவது தன் கணிப்புகளின் மேல், கீழ் எல்லைகளை விசிறிப் படமாகத் தருகிறது. தாங்கள் அதையும் தருவதில்லை.

வேகமாக வளர்ந்த நாடுகளின் வரலாற்றை ஆராய்ந்த அமெரிக்கப் பொருளியலாளர்கள் லான்ட் பிரிட்செட்டும் லாரன்ஸ் சம்மர்ஸும், ஒரு பத்தாண்டின் வேகத்தைக் கொண்டு அடுத்த பத்தாண்டைச் சொல்ல முடியாது என்று 2014இலேயே காட்டினார்கள். தங்கள் நிபுணர்கள் இதை அறியாதவர்கள் அல்லர்.

என் பள்ளியில் படிக்கும் ஒரு பையனின் பெற்றோர் ஜார்க்கண்டிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்கேயே விரல் ரேகை வைத்து அரிசி வாங்குகிறார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் அட்டையில் இருப்பது மூன்று பெயர். தலைக்கு 5 கிலோ வீதம் 15 கிலோ வருகிறது. பின்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளைச் சேர்க்க ஊரில் விண்ணப்பித்தபோது ஒதுக்கீடு நிரம்பிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒதுக்கீடு இன்றும் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் நிற்கிறது. அந்த இரு பிள்ளைகளும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். இப்படி விடுபட்டவர்கள் 10 கோடிக்கு மேல் என்று பொருளியலாளர்கள் ழான் திரேஸும் ரீத்திகா கேராவும் 2020இலேயே மதிப்பிட்டார்கள். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு 2027க்குத் தள்ளிப்போய்விட்டது. இன்று எத்தனை பேர் இருக்கிறோம் என்பதை எண்ணாத நாட்டில், 2047இல் தலைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று வகுத்துச் சொல்லும் எண் அந்தத் தாய்க்கு எதற்கு?

குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்று காட்டும் 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வை அரசு வெளியிடாமலே விட்டது. விவசாயிகள் வருமானம் 2022க்குள் இரட்டிப்பாகும் என்றார்கள்; அந்த ஆண்டு வந்தது, போனது, எங்கே நிற்கிறோம் என்று ஒரு கணக்கும் எங்களுக்கு வரவில்லை. ஐந்தாண்டுத் திட்டங்களில் எத்தனையோ குறைகள் இருந்தன. ஆனாலும் இடைக்கால மதிப்பீடு என்று ஒன்று வந்தது, இலக்கு தவறியதை அதில் எழுதினார்கள். 2017இல் பன்னிரண்டாம் திட்டத்தோடு அந்தப் பழக்கமும் போயிற்று.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். கனவு காண வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய கணிப்புகளின் தேர்ச்சி அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். புதிய கணிப்பு எதுவானாலும் வளர்ச்சி, விலைவாசி, ரூபாய் மதிப்பு பற்றிய ஊகங்களையும், மேல், கீழ் எல்லைகளையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள். தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் அது பள்ளிகளுக்கு வர வேண்டும். புதிய மக்கள்தொகைக் கணக்கு கைக்கு வரும்வரை காத்திராமல், ரேஷன் ஒதுக்கீட்டை இன்றைய மதிப்பீட்டுக்கு உயர்த்தும்படி அரசுக்குப் பரிந்துரைக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு பொருளியல் ஆசிரியர்,
திருப்பூர்